எட்டா, ஒன்பதா?

செஞ்சியில் ஒருவர் மொட்டை மாடியில் பைன் மரம் வளர்க்கிறார், அதுவும் போன்சாயாக என்று ஒரு நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. சித்திரை, வைகாசியில் பாறையில் கை வைக்க முடியாத ஊர் அது. போன்சாய்க்காரர்கள் கொண்டாடும் ஜப்பானியப் பைன்களெல்லாம் குளிர்காலத்தில் சில மாதம் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். தமிழ்நாட்டில் இயற்கையாக வளரும் பைன் ஒன்றுகூடக் கிடையாது. நம் சினிமாக்காரர்கள் டூயட் பாடித் தேய்த்த கொடைக்கானல் பைன் காடு, 1906 வாக்கில் பிரையன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி நடத் தொடங்கியது. அந்த மரங்களின் பூர்வீகம் மெக்சிகோ. பைனுக்குத் தூரத்து உறவென்று சொல்லிக்கொள்ளத் தென்னிந்தியாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு மரம் இருக்கிறது. நாகேயா என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் ஒளிந்திருக்கிறது. அதன் அகன்ற இலையைப் பார்த்தால் பைனின் உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"பைன்தானா, நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன். "பைன் மாதிரிதான் இருந்தது. அப்பன் யாரு ஆத்தா யாருன்னு தெரியாத கலப்புன்னு அவரே சொன்னாரு" என்றான் நண்பன். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் கிளம்பினேன்.

புதுச்சேரியிலிருந்து போனேன். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வந்தவை என்பார்கள். ஆக, செஞ்சிப் பயணத்தைக் கடற்கரையிலேயே தொடங்கிவிடலாம். நேரே திண்டிவனம் போய் பஸ் மாறியிருந்தால் சீக்கிரம் சேர்ந்திருப்பேன். ஆனால் மரத்தின் வம்சம் தேடிப் போகிறவன் திருவக்கரையை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

திருவக்கரை என்றால் பெரும்பாலானவர்களுக்கு வக்கிரகாளியம்மன்தான். பௌர்ணமி என்றால் கூட்டம் தாங்காது. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலிக்குள் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. அங்கே கூட்டமே இல்லை. வாட்ச்மேன் ஒருவர், இரண்டு நாய்கள், நான். செம்மண் மேட்டில் பாதி புதைந்தும் பாதி வெளியிலுமாக அடிமரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தியவை. எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலுக்குள் புதைந்தவை. அதனால்தான் வேரும் கிளையும் பட்டையும் இல்லாமல் வெறும் தண்டாகக் கிடக்கின்றன என்கிறார்கள். மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் மணல்சத்து நீரோடு ஊறி இறங்கி, மரம் அழிய அழிய அதன் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தால் வளையம் தெரிகிறது. கிளை முளைத்த கணு தெரிகிறது. தட்டினால் மட்டும் மரச் சத்தம் வராது.

இதில் ஒரு மரத்துக்கு ஒரு கதை உண்டு. 1855-இல் ஷ்லைடன் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இங்கிருந்து போன ஒரு துண்டைச் சோதித்துவிட்டு, பைன் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு வைத்தார். உயிரினங்களெல்லாம் செல்களால் ஆனவை என்ற கொள்கைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அவர். சாமானியப்பட்ட ஆள் இல்லை. முக்கால் நூற்றாண்டு அந்தக் கல்மரம் பைனாகவே இருந்தது. 1931-இல் தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி இந்தியக் கல்மரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இது பைன் வீடு இல்லை, பக்கத்து வீடு என்று மாற்றி எழுதினார். அந்தப் பக்கத்து வீட்டில்தான் நம் நாகேயாவும் இருக்கிறது. வெட்டுத் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அறைச் சுவரில் உள்ள குழிகளின் அமைப்பைப் பார்த்துச் செய்த தீர்ப்பு அது. வேலிக்குள் கிடக்கிற தண்டுகளில் எது அந்த வகை என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வாட்ச்மேனிடம் கேட்டேன். "எல்லாமே கல்லு மரம்தான் சார். இதுல ஜாதி பாக்கறதில்ல" என்றார்.

திருவக்கரையிலிருந்து மயிலம் பக்கம் போகிற வழியெல்லாம் சவுக்கு. ஷேர் ஆட்டோவின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசை. இந்தக் கரையோர மாவட்டங்களில் சவுக்கு வந்த கதை பெரியது. 1860-களில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று சென்னை மாகாண வனத்துறை மணற்பாங்கான இடங்களில் நடத் தொடங்கியது. இன்ஜின் நிலக்கரிக்கு மாறிப் போனது, சவுக்கு போகவில்லை. கட்டை சாரம் கட்டவும் பந்தக்காலுக்கும் போகும். பருமனானது பேப்பர் மில்லுக்கு டன் கணக்கில் போகும். மிலார் அடுப்புக்கு. நட்ட மூன்று நான்கு வருஷத்தில் காசு. ஆள் பிடித்துக் களை எடுக்க முடியாதவர்களும், வெளியூரில் வேலைக்குப் போனவர்களும் நெல்லை விட்டுச் சவுக்குக்கு மாறியிருக்கிறார்கள்.

வானூர் வட்டாரத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் இறங்கினேன். நிழல்வலைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் குழித்தட்டு நாற்று. "விதை நாத்தா, கட்டிங் நாத்தா?" என்றுதான் முதலில் கேட்டார் பண்ணைக்காரர். கட்டிங் என்றால் விலை கூட. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தார் இரண்டு சவுக்கு இனங்களைக் கலந்து உண்டாக்கிய ரகங்கள் அவை. ஒன்று நம் கடற்கரைச் சவுக்கு. இன்னொன்று ஜாவா, பாலி, திமோர் மலைச் சரிவுகளில் வளரும் ஜுங்குனியானா. கலப்பு நேராக, ஒரே பருமனாக, சீக்கிரம் வளர்கிறது. தாய் மரத்தின் குச்சியை வேர்விட வைத்து நட்டால் ஒவ்வொரு செடியும் அச்சு அசல் தாய். ஆனால் அந்தக் கலப்புத் தோட்டத்தில் உதிர்கிற விதையைப் பொறுக்கி முளைக்க வைத்தால் கதை மாறிவிடும். சவுக்குப் பூவுக்குக் காற்றுதான் தரகர். பக்கத்துத் தோட்டத்து மகரந்தமும் வரும், அடுத்த ஊர் மகரந்தமும் வரும். ஒரு காயில் பிறந்த விதைகளிலேயே ஒன்று தாத்தாவைக் கொள்ளும், ஒன்று பாட்டியைக் கொள்ளும். "அதெல்லாம் கலப்படம் சார். யாரும் வாங்க மாட்டாங்க, ஓரமாக் கெடக்கும்" என்று ஒரு மூலையைக் காட்டினார். அங்கே நாற்றுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் குட்டையும் நெட்டையுமாக இருந்தன.

மனிதர் கலந்ததற்கு முன்பே இந்த இரண்டும் கலந்த கதை ஒன்று உண்டு. தாய்லாந்தில் 1900 வாக்கில் கொண்டுவந்து வைத்த ஒரு சவுக்கு, நாடு முழுக்கக் குச்சி ஒடித்து நட்டே பரவியது. எல்லாம் ஆண் மரம், விதையே கிடையாது. ஜுங்குனியானாவுக்கும் கடற்கரைச் சவுக்குக்கும் தற்செயலாகப் பிறந்த பிள்ளை என்று நம்புகிறார்கள். அது 1950-களிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

இதற்குள் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வெள்ளைக்காரர்கள் சவுக்கை ஆஸ்திரேலியப் பைன் என்றுதான் பேச்சுவழக்கில் சொல்வார்கள். ஊசி இலை மாதிரி தொங்குகிறது, கூம்பு மாதிரி காய்க்கிறது, யாரும் ஏமாறுவார்கள். உண்மையில் அது பூக்கும் தாவரம்; பைனை விட நம் வேப்ப மரத்துக்குத்தான் நெருக்கம். ஊசி என்று நாம் நினைப்பது இலை இல்லை, பச்சைக் கிளை. செஞ்சி மாடியில் இருப்பது என்னவென்று பஸ் திண்டிவனம் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன்.

செஞ்சியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கோட்டையை முடித்துவிடலாம் என்று ராஜகிரிக்குப் போனேன். அது நடக்கவில்லை, வெயில் எனக்கு முன்னால் ஏறிவிட்டது. மூன்று மலை, அவற்றை இணைக்கும் மதில், நடுவே கல்யாண மகால், களஞ்சியம், குளம் என்று ஒரு ஊரே உள்ளே இருந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகள். மகாராஷ்டிரத்தில் 11, மிச்சம் ஒன்று செஞ்சி. கௌரவம்தான். ஆனால் தலைப்பைப் படித்துவிட்டு மதிலைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கோனார் தலைவர் ஆனந்தக் கோன் தொடங்கியதாகச் சொல்லும் கோட்டை; விஜயநகர நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள்; 1649-இல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது; 1677-இல் சிவாஜி பிடித்துப் பலப்படுத்தினார்; அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயர் வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல் வாங்கினார்கள். 1714-இல் தேசிங்கு ராஜன் மடிந்ததும் ஆற்காட்டு நவாபிடம் போய், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். கல்யாண மகாலின் கீழே வளைவைப் பார்த்தால் ஒரு வம்சம், மேலே கூம்புக் கூரையைப் பார்த்தால் இன்னொரு வம்சம். பிறப்புச் சான்றிதழில் ஒரு தகப்பன் பெயர்தான் எழுத முடியும் போலிருக்கிறது.

கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டி மேலேறும்போது மதில் இடுக்குகளில் நான் தேடி வந்த சங்கதி ஏராளமாகக் கிடைத்தது. ஆல், அரசு, கல்லிச்சி. பறவை எச்சத்தில் விழுந்த விதை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை மண்ணில் முளைத்திருக்கிறது. ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பருமன். இடுக்கிலிருந்து ஒரு வேர் வெளியே வந்து, பாறையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு இறங்கி, கீழே ஒரு சருகுக் குழிக்குள் நுழைந்திருந்தது. இலைகள் கட்டை விரல் நகம் அளவு. அதே மரம் தரையில் இருந்தால் உள்ளங்கை அளவு இருக்கும். பத்து வயதும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். போன்சாய்க்காரர் செய்யும் எல்லா வேலையும் இங்கே ஆள் வைத்து நடக்கிறது. வேரைச் சுருக்குவது கல் இடுக்கு. தண்ணீரைக் குறைப்பது கோடை. கொழுந்து கிள்ளுவது குரங்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு வந்து இரண்டு நுனியைக் கிள்ளித் தின்றுவிட்டு, என் பையைப் பார்த்தது.

இந்த மரங்களுக்கு வம்சச் சந்தேகம் அவ்வளவாகக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆல், அரசு, இச்சிக் குடும்பத்தில் பூ, காய்க்குள்ளேயே பூக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குட்டிக் குளவி உண்டு. அது தன் இனத்துக் காய்க்குள்தான் நுழையும். காற்றை நம்பிய சவுக்கு எவ்வளவு தாராளமோ, குளவியை நம்பிய ஆல் அவ்வளவு கறார்.

போன்சாய் ஆர்வலர்களுக்கு இந்த மதில் இச்சியைப் பார்த்தால் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கை வைத்தால் சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். இந்தச் செடிகள் மதிலுக்கு எமன். வேர் பருக்கப் பருக்கக் கல் நகரும். தொல்லியல் துறை ஆட்கள் அவ்வப்போது வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு நாலு கிளையாகத் தழைக்கிறது. அப்படி வெட்டி வெட்டித்தான் சில அடிமரங்கள் இவ்வளவு அழகாக முண்டு கட்டியிருக்கின்றன. வேண்டுமென்றால் ஊருக்குள் இடிக்கப் போகிற பழைய வீட்டுச் சுவரில் கேட்டு எடுக்கலாம்; வீட்டுக்காரர் நன்றி சொல்லிக் கொடுப்பார்.

உச்சிக்குப் போகும் முன் மலையே பிளந்து ஒரு பள்ளம். முன்பு இழுப்புப் பாலம் இருந்த இடம். அதைக் கடந்து மேலே போய், அரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினேன். அடுத்த மலையான கிருஷ்ணகிரி பக்கம் போகத் தெம்பில்லை.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். "வாங்க தம்பி, பைன் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். முப்பது நாற்பது தொட்டி. ஆல், இச்சி, புளி, வேலிகாத்தான்கூட. நடுவில் அது. ஒரு முழம் உயரம். அடிமரம் பிளவுபட்ட பட்டையோடு இடது பக்கம் சாய்ந்து, மேலே மூன்று அடுக்காகப் பச்சை. பத்தடி தள்ளி நின்றால் ஜப்பானியப் படத்தில் வரும் பைன்தான்.

"சவுக்குதானே சார்?"

"சவுக்குதான். எந்தச் சவுக்கு?"

நாற்றுப் பண்ணையில் ஓரமாக ஒதுக்கிய தட்டிலிருந்து சும்மா எடுத்து வந்ததாம். அவருடைய மனைவி மோர் கொண்டுவந்தார். "பந்தலுக்கு ஊனறத தட்டுல வெச்சிக்கினு, அதுக்கு தினம் ரெண்டு குடம் தண்ணி" என்றார். தண்ணீர் விஷயம் உண்மைதான். கோடையில் தொட்டியைத் தண்ணீர்த் தட்டிலேயே நிறுத்திவிடுகிறார். மண் கலவை செங்கல் பொடிக்கல்லும் ஆற்று மணலும் கொஞ்சம் செம்மண்ணும். அதோடு பழைய சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு பிடி மண் கட்டாயம். சவுக்கு வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அந்த மண்ணில் வருகிறது. கம்பி கட்டினால் வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவு வேகமாகப் பருத்துக் கம்பி பட்டைக்குள் பதிந்துவிடும். நுனியைக் கத்தரியால் வெட்டினால் வெட்டுவாய் காய்ந்து பழுப்பாக நிற்கும். விரலால் கணுவில் இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும்.

சின்ன வயதில் இந்தப் பச்சைக் குச்சியைக் கணுவில் கழற்றி மறுபடி செருகி, எங்கே உடைத்தேன் சொல் என்று விளையாடியிருப்போம். அவர் ஒன்றைக் கழற்றி லென்ஸோடு என் கையில் கொடுத்தார். கணுவைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பற்கள். அவைதான் சவுக்கின் நிஜ இலைகள். "எண்ணுங்க. கடற்கரைச் சவுக்குன்னா ஏழு எட்டு. ஜுங்குனியானான்னா ஒம்பதுலேர்ந்து பதினொண்ணு." எண்ணினேன். எட்டு. அடுத்த குச்சியில் ஒன்பது. மூன்றாவதில் மறுபடி எட்டு. அதற்கு மேல் கண் கூசியது.

எதற்கு இந்த வம்ச ஆராய்ச்சி, அழகாக இருக்கிறது போதாதா என்று கேட்டேன். வெட்டுவதற்குத்தான் என்றார். கடற்கரைச் சவுக்கின் கிளையைப் பச்சை இல்லாத இடம் வரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கிளை போய்விடும், தழைப்பது குறைவு. ஜுங்குனியானா வெட்டிய கட்டையிலும் துளிர்க்கும், வேரிலிருந்துகூடக் கன்று விடும். ஆகவே கிளையைக் குட்டையாக்க வேண்டுமென்றால் யாருடைய குணம் தூக்கல் என்று தெரிந்தாக வேண்டும். ஜப்பானில் பைன் வளர்ப்பவர்களுக்கும் இதே கவலை. அங்கே கரும்பைனும் செம்பைனும் கடற்கரை ஓரங்களில் தாமாகவே கலந்துகொள்கின்றன. கரும்பைனின் குளிர்கால மொட்டு வெள்ளை, செம்பைனுடையது செம்பழுப்பு. கலப்பில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கோடைத் தொடக்கத்தில் இளங்குருத்தை முழுசாக வெட்டினால் அதே ஆண்டில் மறுபடி குருத்து விடும் பைனும் உண்டு, விடாமல் நலிந்து போகும் பைனும் உண்டு. பெற்றோர் தெரியாத பைன் கைக்கு வந்தால் முழு மரத்திலும் கத்தி வைக்காமல், வேண்டாத ஒரு கிளையில் மட்டும் வெட்டிப் பார்ப்பதுதான் வழி.

தலைமை ஆசிரியரும் அதையே செய்திருந்தார். போன ஆடியில் வலது பக்கக் கிளையைப் பச்சையில்லாத இடத்தில் வெட்டினார். காட்டினார்: வெட்டுக்குக் கீழே பட்டையைக் கிழித்துக்கொண்டு கொத்தாகத் துளிர். "மலைக்காரன் ரத்தம்னு நெனச்சேன்" என்றார். உடனே பின்பக்கம் ஒரு கிளையையும் அப்படியே வெட்டினார். அது காய்ந்து சாம்பல் நிறக் குச்சியாக நின்றது. ஒரே மரம், ஒரே மாதம், ஒரே கத்தி. மேலே வெயில் படும் கிளை துளிர்த்தது, கீழே நிழலில் இருந்தது போய்விட்டது என்றும் சொல்லலாம். பலமான கிளை, பலவீனமான கிளை என்றும் சொல்லலாம். வம்சத்தின் மேல் பழி போட இந்தச் சாட்சி போதாது.

"இன்னும் ஒரு சோதன பாக்கி இருக்கு" என்று ஒரு கிளையை விலக்கினார். கணுவில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு பூங்கொத்து. பெண் பூ. ஆக, தாய்லாந்து ஆண் மரத்தின் நேர்க் குச்சி இல்லை என்பது தீர்ந்தது. கடற்கரைச் சவுக்கில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் ஒரே மரத்தில் இருக்கும். ஜுங்குனியானாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இதே மரத்தில் நுனிகளில் பழுப்பு நிற ஆண் கதிரும் வந்துவிட்டால் கணக்கு கடற்கரைப் பக்கம் சாயும். வராவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் பார்க்க வேண்டும். தொட்டி மரம் ஒரு பருவத்தில் ஆண் கதிரே விடாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதுவரை பின்பக்கக் கிளைகளில் பச்சையை விட்டுத்தான் வெட்டப் போகிறாராம். என் நம்பரை வாங்கிக்கொண்டார். ஆண் கதிர் வந்தால் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.